பேச்சு ஏறும் வரை

கோடு நின்றுவிட்டது. ஓடுகிறது என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நான் பொய் சொல்கிற ஆள் இல்லை, நல்ல பிள்ளை என்பதால் இல்லை, சொன்ன பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்ள எனக்குப் பொறுமை கிடையாது, அவ்வளவுதான். ஆனால் கட்டிலில் சுவரோடு சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு, "ஓடுதாட்டி பியூலி?" என்று அவள் கேட்டதும், "ஓடுதுக்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது, தும்மல் வருகிற மாதிரி. கண் தெரிகிற ஒருத்தியிடம் இந்தப் பொய்யைச் சொல்ல முடியாது, எழுந்து வந்து திரையைப் பார்த்துவிட்டு மண்டையில் தட்டுவாள். எஸ்தர் அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டுகிற நீலக் கோடு முக்கால்வாசிக்குக் கொஞ்சம் கீழே வந்து எருமை மாதிரிப் படுத்துக் கிடப்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு மட்டும் தெரிகிறவை இன்னும் எத்தனையோ உண்டு, சுவரில் ஊர்கிற பூரான், தலைக்கு மேல் காரை பெயர்ந்து கம்பி தெரிகிற இடம், பேக்கரி வேலை முடிந்து வரும்போது அம்மாவின் முகம் எப்படி இருக்கிறது என்பது. நான் சொன்னால் அக்காவுக்கு அது உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. இதை நான் இதுவரை யோசித்ததே இல்லை. இப்போது நகராத ஒரு கோட்டுக்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்கிறேன், ஸ்டூலில் லேப்டாப், தரையில் நான், பிடரியில் வேர்வை, மேலே ஃபேன் டக்கு டக்கு என்கிறது. கரண்டு மட்டும் போகக் கூடாது ஆண்டவரே, இதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, ஒயரைப் பிடுங்கினால் அந்த நிமிஷமே அணைந்துவிடும், பாதி ஏறிய நிலையில் அணைந்தால் பழையதும் இல்லை புதியதும் இல்லை, பழையதை நான்தான் என் கையால் அழித்தேனே. முழுவதையும் அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. அது கேட்ட விதமே எனக்குப் பிடிக்கவில்லை, ஹெட்மிஸ்ட்ரஸ் டிசி கொடுக்கும்போது கேட்ட மாதிரி இருந்தது, அங்கேயும் ஆமாம் என்றுதான் சொன்னேன், ரெண்டாவது தடவை யாராவது கேட்டாலே எனக்கு ஆமாம் என்றுதான் வரும்.

நாளைக்குக் காலையில் அக்காவுக்குத் தேர்வு. வீட்டிலிருந்தே போனில் பேசுகிற வேலை, ஏதோ ஒரு கம்பெனி, பேர் வாயில் நுழையவில்லை. தேர்வைக் கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், போனில் திறக்காது, பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது, கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். இதெல்லாம் அக்காவுக்குச் சந்தோஷம்தான். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்கிற வரியை அவள் போனில் திரும்பத் திரும்பப் பேச வைத்துக் கேட்டாள், கேட்டுவிட்டுச் சிரித்தாள், "பாத்தியாட்டி, ஒருத்தனும் பக்கத்துல வரப்பிடாதாம்" என்றாள். நேற்று சாயங்காலம் அந்தத் தேர்வுப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் உங்கள் பிரவுசர் பழையது, புதிதாக்கிவிட்டு வாருங்கள் என்று வந்தது. புதிதாக்கப் போனால் உங்கள் விண்டோஸ் பழையது என்று வந்தது. அதைப் புதிதாக்கப் போனால் உங்கள் லேப்டாப்பே பழையது என்று வந்தது, அதற்கு மேல் போனால் உங்கள் வீடு பழையது, உங்கள் ஜாதகம் பழையது என்று வரும்போல. பழையதுதான். பஹ்ரைனில் இருந்து வந்த சபை மாமா ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது, அவரே அதைப் பழசு என்றுதான் கொடுத்தார், செங்கல் கனம், கீபோர்டில் எழுத்தெல்லாம் அக்காவின் விரல் பட்டுப் பட்டு அழிந்து வெறும் கறுப்புக் கட்டைகளாகக் கிடக்கின்றன. அவளுக்கு எழுத்து வேண்டியதில்லை. எனக்கு வேண்டும், ஒவ்வொரு கட்டையாக அமுக்கிப் பார்த்துத்தான் எது எது என்று கண்டுபிடித்தேன். அக்காதான் சொன்னாள், அவள் மாதிரிக் கண் தெரியாதவர்கள் சேர்ந்திருக்கிற வாட்ஸப் குழுவில் யாரோ வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாராம், பழைய லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடலாம், சும்மா கிடைக்கும், பேசுகிற சாஃப்ட்வேர் உள்ளேயே இருக்கும் என்று. "நீ போட்டுருவியாட்டி?" என்றாள். போட்டுருவேன் என்றேன். ரெண்டாவது தடவை கேட்டாள். அதற்கும் போட்டுருவேன் என்றேன். ஜெராக்ஸ் கடை ஜெயசிங் அண்ணனிடம் போய் நின்றேன், அவர் தன் கம்ப்யூட்டரில் ஒரு வரிசையைக் காட்டினார், எல்லாம் லினக்ஸ்தான், பத்துப் பதினைந்து வகை, "உன்னோடது எவ்ளோ பழசு?" என்றார், சொன்னேன், "அம்மாடி, மியூசியத்துல குடுத்துட்டு அங்கேயே வாட்ச்மேன் வேல கேளு" என்றார். "எது லேசோ அதப் போடுங்கண்ணே" என்றேன், ஒரு பென் டிரைவில் போட்டுத் தந்தார். எது லேசோ அது. நான்தான் சொன்னேன், வேறு யாரும் சொல்லவில்லை.

கோடு நகர்ந்ததா. இல்லை. நகர்ந்த மாதிரி இருந்தது, ஃபேன் காற்றில் திரையில் என் முடியின் நிழல் அசைந்திருக்கும். அக்கா கட்டிலிலிருந்து கையை நீட்டி லேப்டாப்பின் பக்கவாட்டைத் தொட்டுப் பார்க்கிறாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "கொதிக்குதேட்டி." "வேல செய்யுதுல்லா, கொதிக்கத்தான் செய்யும்." இது பொய்யா என்று தெரியவில்லை. அவள் கையை எடுக்கவில்லை. அந்தக் கைக்குப் புத்தகம் வாசித்துக் காட்டித்தான் நான் வளர்ந்தேன், கைக்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால் நான் வாசிக்கும்போது அவள் முகத்தை எங்கேயோ திருப்பிக்கொள்வாள், கை மட்டும் என் முழங்காலில் இருக்கும், புரியவில்லை என்றால் ஒரு தட்டு, மறுபடி வாசி என்றால் ரெண்டு தட்டு. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவளுடைய எட்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தேன், நான் ஏழு படிக்கும்போது பன்னிரண்டை வாசித்தேன், அர்த்தம் தெரியாமல், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தி, நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடி. பிரெயில் புத்தகம் எல்லாப் பாடத்துக்கும் கிடைக்காது. பரீட்சைக்கு ஸ்கிரைப் என்று ஒரு வாத்தியாரைப் போடுவார்கள், அவள் சொல்லச் சொல்ல அவர் எழுத வேண்டும். பிளஸ் டூவில் வந்தவர் அவள் ஒரு வாக்கியம் சொன்னால் அதைச் சுருக்கி அரை வாக்கியமாக எழுதினாராம், பேனா ஓடுகிற சத்தத்தை வைத்தே இவளுக்குத் தெரிந்திருக்கிறது, சார் நான் இன்னும் சொல்லணும் என்றிருக்கிறாள், இது போதும்மா என்றிருக்கிறார். மார்க் நல்லாத்தான் வந்தது. "பாதி மார்க்கு அவருக்கு, பாதி மார்க்கு உனக்கு, எனக்கு எங்கட்டி?" என்றாள். நான் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டேன். பிறகுதான் இந்தச் செங்கல் வந்தது, அதில் பேசுகிற சாஃப்ட்வேர் வந்தது, மூக்கடைத்த ஒருவன் அவளுக்கு எல்லாவற்றையும் வாசித்தான், சலிக்காமல், கொட்டாவி விடாமல், இந்தப் பக்கம் ரொம்பப் பெரிசு நாளைக்குப் பாப்போம் என்று சொல்லாமல். காலேஜை அவனோடுதான் முடித்தாள். அவள் கை என் முழங்காலுக்கு வரவில்லை. அதற்கு வேறு வேலை கிடைத்துவிட்டது.

நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று எல்லாரும் கேட்டார்கள். பதினொன்றாம் வகுப்பு பாதியில். லவ்வா என்று கேட்டார்கள், யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார்கள், பாஸ்டர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிவிட்டு ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லை. மனசுக்குள் வாசித்தால் எனக்கு எதுவும் ஏறாது. சத்தமாக வாசித்தால்தான் ஏறும், அதுவும் யாராவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், புரியாத இடத்தில் முழங்காலில் தட்ட வேண்டும். வகுப்பில் உதடு அசைந்தாலே, ஏய் நாலாவது பெஞ்சு, இது சந்தைக்கடையா என்பார்கள். வாயை மூடிக்கொண்டு பார்த்தால் வரிகள் எறும்பு போகிற மாதிரிப் போகும், நான் எறும்பைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பேன், பக்கம் முடிந்துவிடும். இதை யாரிடம் போய்ச் சொல்ல. சொன்னால் கிறுக்கச்சி என்பார்கள். அக்காவிடம் சொன்னால் அவள் அந்த மூக்கடைத்தவனை அணைத்துவிட்டு எனக்காக உட்கார்ந்திருப்பாள், அது எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. பெருந்தன்மை எல்லாம் இல்லை, ரோஷம். வேண்டாம் என்று போனவளைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற ரோஷங்கெட்டவளா நான், அவள் போகவும் இல்லை, பக்கத்து அறையில்தான் இருந்தாள், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதை எப்படிச் சொல்வது, சரி விடு. கோடு. கோடு நகர்ந்திருக்கிறது. நிஜமாகவே. முக்காலைத் தாண்டிவிட்டது. "யக்கா, ஓடுது!" என்று கத்திவிட்டேன். அக்கா தலையைத் திருப்பினாள். "அப்பவே ஓடுதுன்னியே." நான் ஸ்டூலை நேராக்கினேன். "அப்ப ஓடல, என்ன?" "இல்ல. நின்னுட்டு." "எவ்ளோ நேரமாட்டி?" "ரொம்ப நேரம்." அவள் மெதுவாக மூச்சுவிட்டாள். "கண்ணு தெரியலன்னா பொய் சொல்லலாம், என்ன?" என்றாள், கோபமாகக் கூட இல்லை, தண்ணீர் குடிச்சியா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். கோடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, இதுவரை படுத்துக் கிடந்தது நான் மாட்டிக்கொண்ட உடனே எழுந்து ஓடுகிறது, தரித்திரம்.

முடிந்துவிட்டது, அணைத்துத் திறக்கவா என்றது, திற என்றேன், அணைந்தது, திறந்தது. அழகாகத்தான் இருந்தது. திரை முழுவதும் ஒரு நீல மலை, மூலையில் கடிகாரம், பழையதில் திறப்பதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும், இது சட்டென்று வந்து நின்றது. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. பிளஸ் ஒன் ஃபெயிலானவள் இல்லை, நின்றவள், ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு, நான் போட்டேன், ஒரு லேப்டாப்புக்குள் இருந்ததைத் துடைத்து எடுத்துவிட்டு வேறொன்றை உள்ளே வைத்தேன், ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. "வந்துட்டுக்கா! மல எல்லாம் வருது! சூப்பரா இருக்கு!" அக்கா இறங்கி வந்து தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள், விரல்களைக் கட்டைகள்மேல் வைத்தாள், வைத்த உடனே அந்த எழுத்தில்லாத கட்டைகளெல்லாம் யாரோ சொந்தக்காரர் வந்துவிட்ட மாதிரி அமைதியாக இருந்தன. குழுவில் சொல்லிக்கொடுத்த கட்டைகளைச் சேர்த்து அமுக்கினாள், மூன்றையும் ஒரே நேரத்தில். காத்திருந்தாள். மறுபடி அமுக்கினாள். "சத்தம் கொறச்சு வச்சிருக்கியா?" இல்லை, கூட்டித்தான் வைத்திருந்தேன். மறுபடி. வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்து ஸ்டார்ட் பண்ணப் பார்க்கிறான், அந்தச் சத்தம், ஃபேன், வேறு எதுவும் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நான் வழக்கமாகப் பார்ப்பதில்லை, பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியாததால் அது திருட்டு மாதிரி இருக்கும். இப்போது பார்த்தேன். கதவைத் தட்டிவிட்டு உள்ளே ஆள் இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்கிறவர்களின் முகம். நீல மலை அழகாக நிற்கிறது, அதற்கு முன்னால் அவள் காதை வைத்துக் கேட்கிறாள், மலை ஒன்றும் பேசவில்லை.

ஜெயசிங் அண்ணனுக்குப் போன் போட்டேன், வாசலுக்குப் போய், குரலைத் தாழ்த்தி. "அண்ணே, பேசவே மாட்டேங்குதுண்ணே." "எது?" "லேப்டாப்பு." "லேப்டாப்பு எங்க பிள்ள பேசும்? அது என்ன கிளியா?" "ஐயோ, ஸ்கிரீன் ரீடர்ணே, வாசிச்சுக் காட்டுமே, எங்க அக்காவுக்கு." அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின் நின்றது. "அடப்பாவி, எஸ்தருக்கா? உனக்குன்னுல்லா நெனச்சேன். லேசானதக் கேட்ட, குடுத்தேன். லேசானதுல அதெல்லாம் இருக்காது, லேசாக்கணும்னுதான் தூக்கிருவான்." தூக்கிவிடுவான். எதைத் தூக்கினால் யாருக்கும் குறை தெரியாது என்று பார்த்து முதலில் அதைத் தூக்கியிருக்கிறான் எவனோ, எந்த நாட்டிலோ உட்கார்ந்துகொண்டு, எனக்கும் தெரியவில்லையே, அந்த வரிசையைப் பார்த்தபோது பேசுமா என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லையே, அவளோடு ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிடுகிறவள் நான், எனக்குத் திறந்ததும் மலை தெரிந்தது, அது போதுமாக இருந்தது. "இப்ப என்னண்ணே செய்ய?" "நெட்டுல இருந்து ஏத்தலாம். வைஃபை வருதா?" வரவில்லை. வைஃபை இருக்கிற அடையாளமே அதில் இல்லை. "பழசுல்லா. போன ஒயருல மாட்டி நெட் குடுத்துப் பாரு. பிள்ள, கடையில ஹால் டிக்கெட் எடுக்க ரோடு வர நிக்காங்க, நாளைக்கு வா என்ன." நாளைக்கு. வைத்துவிட்டார். நாளைக்குக் காலையில் கேமரா அவளையே பார்த்துக்கொண்டிருக்கும், அவள் பேசாத பெட்டிக்கு முன்னால் முகத்தை எங்கேயோ திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அங்கே இருக்கிறவன், இந்தப் பெண் தூங்குகிறாள் என்று எழுதிக்கொள்வான். வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். பழையதையாவது விட்டிருக்கலாம், அது தேர்வைத் திறக்காது, ஆனால் பேசும், அவளுடைய புத்தகம், அவளுடைய கடிதம், அவளுடைய ராத்திரி எல்லாம் அதில்தான் ஓடியது, முழுவதையும் அழிக்கவா என்றது, ஆமாம் என்றேன், நிச்சயமாகவா என்றது.

உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டாள். "பியூலி, இங்க வா. ஸ்கிரீன்ல என்ன இருக்குன்னு வாசி." போனேன். உட்கார்ந்தேன். "மேல இடது பக்கம் ஒரு குப்பத்தொட்டி படம், அதுக்குக் கீழ வீடு மாதிரி ஒண்ணு." அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், கை எங்கே வைப்பது என்று தேடி என் முழங்காலில் வந்து நின்றது. அப்போது எனக்குள் ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் இதுவரை சொன்ன எதற்கும் அர்த்தமில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு பயத்துக்கு நடுவில், ஜன்னல் திறந்து காற்று வந்த மாதிரி. இனிமேல் நான்தான் வாசிக்க வேண்டும். நாளைக்குத் தேர்வு போகும், வேலை போகும், போகட்டும், அவள் இங்கே இருப்பாள், கை இங்கே இருக்கும், நான் வாசிப்பேன், எனக்கும் ஏதாவது மண்டையில் ஏறும். ஒரு மூச்சு நேரம்தான். பிறகு என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. தெரியாமல்தான் லேசானதைக் கேட்டேன், அது சத்தியம். ஆனால் பேசாமல் போனதும் உள்ளே ஒருத்தி கை தட்டினாளே, அவள் யார், அவள் எப்போதிருந்து அங்கே உட்கார்ந்திருக்கிறாள், ஜெராக்ஸ் கடைக்கும் அவள்தான் போனாளா. இல்லை. தெரியவில்லை. இல்லை. முழங்காலை இழுத்துக்கொண்டேன். "யக்கா, இது பேசாது" என்றேன். "பேசாததப் பாத்து நான் வாங்கிட்டு வந்துட்டேன். லேசா இருக்கணும்னு சொன்னேன், பேசணும்னு சொல்லல. பழசும் இல்ல, நான் அழிச்சிட்டேன். நாளைக்கு உனக்கு எதுவும் இல்லக்கா." சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது, அசிங்கமாக, மூக்கெல்லாம் ஒழுகி.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது. தரையில் விரலால் ஏதோ எழுதுகிற மாதிரித் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அழுது முடிச்சிட்டியா?" என்றாள். "இல்ல." "முடிச்சிட்டுச் சொல்லு." பிறகு, "குழுவுல சொன்னாங்க, அதுல கறுப்பா ஒரு பெட்டி திறக்குமாம், வெறும் எழுத்து மட்டும் அடிக்கிறது. அதத் திற. ஒயர மாட்டு, போன மாட்டு, பேசுதத நெட்டுல இருந்து ஏத்துவோம். அடிக்கது நான், வாசிக்கது நீ." கறுப்புப் பெட்டியைத் தேடித் திறந்தேன். போனை மாட்டியதும் மூலையில் நெட் அடையாளம் வந்தது, முதல் தடவையாக ஒன்று சொன்னபடி கேட்டது. அவள் அடித்தாள். நான் ஒரு கட்டை தேடுவதற்குள் அவள் ஒரு வரி அடித்துவிடுவாள், மழை தகரத்தில் விழுகிற மாதிரி. "இப்ப பாஸ்வேர்டு கேக்கும். என்ன வச்ச?" காலையிலிருந்து மூன்று தடவை சிக்கி நின்றபோது ஆத்திரத்தில் வைத்தது. "என்னட்டி?" "நாசமாப்போ." "ஏன் ஏசுத?" "ஏசல. அதான் பாஸ்வேர்டு. இங்கிலீஷ் எழுத்துல." அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், "ஆண்டவரே, இதத் தினமும் அடிக்கணுமா நான்" என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். திரையில் ஒன்றும் வரவில்லை. "யக்கா, நீ அடிக்கது வரல! ஒண்ணுமே வரல!" "பாஸ்வேர்டு தெரியாதுட்டி, மறச்சுத்தான் வைக்கும். உனக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிருமா?" என்றாள், அமுக்கினாள், வரிகள் ஓடின. நின்றன. ஏதோ ஒரு வரி. "வாசி." இங்கிலீஷ். எனக்கு வாசிக்கத் தெரியும், சத்தமாக வாசித்தால் ஓரளவு தெரியும், ஆனால் பயத்தில் எல்லாம் எறும்பாகிவிட்டது. "எழுத்துக் கூட்டு." "சி, ஓ, யூ, எல், டி. என், ஓ, டி. ஜி, ஈ, டி. எல், ஓ, சி, கே." ரெண்டு தட்டு, முழங்காலில் இல்லை, தரையில். மறுபடி வாசித்தேன். "பூட்டு கெடைக்கலயாம். உள்ள வேற ஏதோ வேல தானா ஓடிட்டு இருக்கு, அது கதவப் பூட்டி வச்சிருக்கு. அது முடியட்டும். பொறு." பொறு என்று அவளுக்குச் சொல்ல எளிது. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், ஃபேனைப் பார்த்தேன். பொறுத்துப் பொறுத்து மறுபடி அடித்தாள், மறுபடி பூட்டு. போன் சூடாகிவிட்டது, அன்றைக்கு உள்ள நெட் தீரப் போகிறது என்று மெசேஜ் வந்தது, அதையும் வாசித்தேன், மறைக்கவில்லை. மறுபடி அடித்தாள். இந்த முறை வரிகள் நிற்கவில்லை. எழுத்து எழுத்தாக, ஒவ்வொரு வரியாக, வாசிக்க முடியாத வேகத்தில், நான் வாசித்தேன், கூட்டினேன், தப்பாகக் கூட்டினேன், அவள் திருத்தினாள், தொண்டை காய்ந்துவிட்டது, ஜெபக்கூட்டத்தில் அந்நிய பாஷை பேசுகிறவர்கள் மாதிரி நான் எனக்கே புரியாததைக் கத்திக்கொண்டிருந்தேன், எந்த வரியில் நெட் அறுந்தாலும் அங்கேயே செத்தோம் என்கிற பயத்தில், நான் வாசிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் என்கிற முட்டாள்தனமான நம்பிக்கையில்.

பிறகு வரிகள் தீர்ந்துவிட்டன. ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. அக்கா அந்தப் பேசுகிற சாஃப்ட்வேரின் பேரை அடித்து அமுக்கினாள், அவள் கை அந்தக் கட்டையிலிருந்து எழவே இல்லை. கரகரவென்று ஒரு குரல் வந்தது, இங்கிலீஷில், தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவன் பேசுகிற மாதிரி, மனுசக் குரலே இல்லை, முன்பு இருந்தவன் எவ்வளவோ தேவலை. அக்கா முகத்தைத் தூக்கினாள். அமுக்கினாள், அவன் பேசினான், அமுக்கினாள், பேசினான். "ரொம்ப இழுக்கான்" என்று முணுமுணுத்துக்கொண்டு எங்கேயோ போய் எதையோ மாற்றினாள், குரல் வேகமானது, இன்னும் மாற்றினாள், இன்னும் வேகம், கடைசியில் பட்டாணி வறுக்கிற சத்தம்தான் கேட்டது, ஒரு வார்த்தை கூட எனக்குப் பிரியவில்லை, அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள், நல்ல பாட்டு கேட்கிற மாதிரி. தேர்வுப் பக்கத்தைத் திறந்தாள். பழையது என்று வரவில்லை. வருக என்று வந்தது, மாதிரித் தேர்வு என்று வந்தது, நான் வாசிக்க வாயைத் திறந்தேன், அவள் அதற்குள் ரெண்டாவது கேள்விக்குப் போய்விட்டாள், மூன்றாவதுக்குப் போய்விட்டாள். பயம் போய்விட்டது. அது இருந்த இடம் காலியாக இருந்தது, அங்கே என்ன வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மாதிரித் தேர்வு முடிந்ததும் அவள் வேறு ஒரு பக்கத்தைத் திறந்தாள், வெள்ளைப் பக்கம், கடிதம் எழுதுகிற பக்கம்போல இருந்தது. நான் அவள் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கம், எப்போதும் அங்கேதான் பார்த்திருக்கிறேன். அவள் முதல் வரியைத் தொடங்கினாள், நிறுத்தினாள். என் மூச்சு அவள் கழுத்தில் பட்டிருக்க வேண்டும். இடது கையால் மூடியைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள், திரை அவள் விரல்களின் முதுகைத் தொடுகிற வரை, உள்ளே இருக்கிற வெளிச்சம் ஒரு கீற்றாக அவள் மணிக்கட்டில் மட்டும் விழுந்தது. அதற்குள்ளே கைகள் ஓடின. தகரக் குரல் பட்டாணி வறுத்தது. யாருக்கு எழுதுகிறாள், ஒரு ஆளுக்கா, என்னைப் பற்றியா, நான் பொய் சொன்னதைப் பற்றியா. அவள் எதற்கோ லேசாகச் சிரித்தாள்.

"யக்கா, என்ன எழுதுத?"

"ஒண்ணுமில்லட்டி" என்றாள், கை நிற்காமல்.

ஒன்றுமில்லை. சரி. அவள் சொல்லாவிட்டால் எனக்கு அது இல்லை. எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. அந்தக் கீற்றையே பார்த்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி, மூச்சு படாத தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.